கல்யாணத்துக்கு முந்தைய பெண்கள் விளையாட்டு: எட்டாயிரம் ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன?

என் அண்ணன் மகளுக்கு ஆவணியில் திருமணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இரு வீட்டுப் பெண்களும் திருநெல்வேலி டவுணில் உள்ள எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது பெரிய கூடத்தில், கூடினார்கள். விளையாட்டுகளை நடத்தித் தரப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சிறு குழுவை அமர்த்தியிருந்தோம். நடத்துகிறவர்கள் இரண்டு பெண்கள், உதவிக்கு ஒரு கல்லூரி மாணவி. மூன்று மணி நேரத்துக்கு 8,000 ரூபாய், பரிசுப் பொருள்களுக்குத் தனியாக 1,500. நாற்பது பேர் வரைக்கும் இந்தக் கட்டணம். குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் குழுவின் பெயரைச் சொல்லவில்லை. இதே வேலையை இப்போது பல பேர் செய்கிறார்கள். யாரை அழைத்தாலும் இங்கே சொல்வது பயன்படும்.

வாழ்நாள் முழுவதும் பள்ளியில் கணக்கு நடத்தியவள் நான். விளையாட்டு என்றால் அதன் விதிகளைத்தான் முதலில் பார்ப்பேன். யார் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், தோற்றவர் எப்போது மறுபடியும் உள்ளே வரலாம், தெரியாதவரால் தெரிந்தவரோடு சரிக்குச் சரியாக உட்கார முடியுமா என்பவை எனக்கு முக்கியம். கல்யாண வீட்டில் இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. அன்று வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தென்காசியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் எதிரும் புதிருமாக அமர்ந்து சாப்பிட்டதோடு சரி, ஒருவருக்கொருவர் பேச்சு இல்லை. இனி வாழ்நாள் முழுக்க நல்லது கெட்டதுகளில் சந்திக்கப்போகிறவர்கள் அவர்கள். கையில் ஒரு வேலையைக் கொடுத்து வாயைத் திறந்து பேச வைப்பதுதான் அந்தப் பிற்பகலின் பயன் என்று நான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

மேல்நாட்டில் மணப்பெண்ணின் தோழிகள் கூடிப் புதுக் குடித்தனத்துக்கு வேண்டிய சாமான்களைப் பரிசாகக் கொடுப்பார்கள். அவற்றை எல்லார் முன்னிலையிலும் பிரித்துப் பார்ப்பது அந்தக் கூட்டத்தின் முக்கியமான பகுதி. பெண் பரிசுகளைப் பிரிக்கப் பிரிக்க, மற்றவர்கள் கையில் உள்ள அட்டையில் குறித்துக்கொண்டே போவதும் அங்கே ஒரு விளையாட்டு. எங்கள் குழுவினர் வைத்திருந்த பட்டியலிலும் இது இருந்தது. பேச வந்த அன்றே அதை எடுத்துவிடச் சொன்னோம், மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் சீர் வருவது தாய்மாமனிடமிருந்தும் பெரியப்பா சித்தப்பா வீடுகளிலிருந்தும். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று பட்டாசாலை நடுவில் பிரித்துக் காட்டினால், இல்லாத வீட்டு அத்தை ஒருத்தி அன்றைக்கே மனம் நொந்து போவாள். அதைச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள் என்பதற்காகவே இவர்கள் மேல் எனக்கு முதல் மரியாதை ஏற்பட்டது.

அன்றைக்கு எல்லாரையும் கட்டிப்போட்டது சொல் தம்போலா. தம்போலாவை அறியாதவர்கள் இன்று குறைவு: 1 முதல் 90 வரை எண்கள், ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து எண்கள், அழைப்பவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போக வேண்டும். முதல் ஐந்து, மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை, கடைசியில் முழுச் சீட்டு என்று பரிசுகள். இந்தக் குழுவினர் எண்களுக்குப் பதிலாகக் கல்யாணச் சொற்களைப் போட்டிருந்தார்கள். பந்தக்கால், முளைப்பாலிகை, அரசாணிக்கால், நிறைநாழி, காப்புக்கட்டு, அம்மி, அருந்ததி, சுருள், மறுவீடு, சொதி, இஞ்சித் துவையல் என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள். அழைக்கும்போது சொல்லை நேராகச் சொல்வதில்லை, ஒரு குறிப்புத்தான் கொடுப்பார்கள். "ஒன்பது தானியம், ஒரு மண்சட்டி, கல்யாணம் முடிந்ததும் ஆற்றுக்குப் போகும்" என்றால் முளைப்பாலிகை.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத நல்லது நடந்தது. "நெல்லால் நிறைந்து விளக்குக்குப் பக்கத்தில் நிற்பேன்" என்று குறிப்பு வந்தபோது, சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் ஆச்சி தான் இருந்த நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நாழி தெரியாதா? படி தெரியுமா?" என்று தொடங்கி, நாழி, உழக்கு, ஆழாக்கு என்று தன் மாமியார் வீட்டு அளவுப் பாத்திரங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்த பிள்ளைகள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நடத்திய பெண் குறுக்கிடவில்லை. ஆச்சி முடிக்கும் வரைக்கும் அடுத்த குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேறொரு குழுவாக இருந்தால் நேரமாகிறது என்று அவரை நிறுத்தியிருப்பார்கள். எப்போது ஆட்டத்தை நடத்த வேண்டும், எப்போது அதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய திறமை.

சொதி வந்தபோது பெரிய விவாதமே எழுந்தது. எங்கள் பக்கம் மறுவீட்டு விருந்தில் சொதி இல்லாமல் கிடையாது. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வெந்த பிறகு, கெட்டியான முதல் பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிய வேண்டும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் இஞ்சித் துவையல் கூட வரும். மாப்பிள்ளையின் சித்தி, அவர்கள் வீட்டில் கேரட் சேர்ப்பதில்லை என்றார். என் மதினி, "கேரட் இல்லாமல் நிறம் எப்படி எடுக்கும்?" என்று கேட்டார். இருவரும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியிராதவர்கள். அன்று மாலை புறப்படும்போது சித்தி, மறுவீட்டன்று அடுப்படிக்குள் வந்து பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். வந்தும் பார்த்தார்.

இந்த ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. சீட்டின் எழுத்துகள் மிகச் சிறியவை. அறுபதைத் தாண்டியவர்கள் கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தார்கள், சிலர் பக்கத்திலிருந்த பேத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கத்தில் நான்கு சீட்டுகளை அச்சடிப்பதற்குப் பதிலாக இரண்டு போட்டால் போதும், செலவு பெரிதாகக் கூடாது. சொல்லுக்குப் பக்கத்தில் சிறு படம் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது பூக்கட்டும் போட்டி. ஏற்பாடுகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். கட்டத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர் என்று ஜோடி சேர்த்தார்கள். ஒருவர் நம் வீடு, மற்றவர் அவர்கள் வீடு. ஒவ்வொரு ஜோடிக்கும் நூறு கிராம் பிச்சி அரும்பும், நனைத்த வாழைநாரும். பூ அன்று காலையில் தோவாளையிலிருந்து வந்தது, அரும்பு விரியாமல் கெட்டியாக இருந்தது. கட்டத் தெரிந்தவர் கையால் தொடக்கூடாது, வாயால்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். தெரியாதவர்தான் கட்ட வேண்டும்.

இந்த ஒரு விதி ஆட்டத்தை எங்கோ கொண்டுபோய்விட்டது. பூக்கட்டுவது கைக்குத் தெரிந்த வேலை, வாயால் சொல்லிக்கொடுத்துப் பழக்கமில்லை. "இரண்டு பூவை இந்தப் பக்கம் வை, இரண்டைத் தலைமாற்றி வை, நாரை மேலே கொண்டுபோய்ச் சுற்று, இல்லை, உள்ளே விடு, இழு, இழுக்காதே, அறுந்துவிடும்" என்று பட்டாசாலை முழுவதும் குரல்கள். பெண்ணின் பெரியம்மை பதற்றத்தில் தன் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தங்கை ஒரு கண்ணி போடக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள், அதற்குப் பிறகு கை ஓடத் தொடங்கிவிட்டது.

வெற்றியை நீளத்தால் அளக்காமல் இருந்ததை ஒரு கணக்கு ஆசிரியையாகப் பாராட்டுகிறேன். முழக்கணக்கில் அளந்தால் இடைவெளி விட்டுக் கட்டியவர் ஜெயித்துவிடுவார். எல்லாருக்கும் ஒரே எடைப் பூ, அதை மிச்சமில்லாமல், காம்பு ஒடியாமல் முதலில் முடித்தவருக்குப் பரிசு என்று வைத்திருந்தார்கள். நெருக்கமாகக் கட்டினாலும் நஷ்டமில்லை. ஆட்டம் முடிந்ததும் முதல் சரம் வீட்டுச் சாமி படத்துக்குப் போனது, மற்றவை அங்கிருந்த பெண்களின் தலைக்குப் போயின. ஒரு பூ வீணாகவில்லை. பூச்செலவு நம்முடையது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். முகூர்த்த நாளை ஒட்டி வாங்கினால் பிச்சி விலை ஏறிவிடும், அதை மனத்தில் வைத்துக்கொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். பத்தமடைக் கோரைப் பாய் விரித்து, மூன்று பல்லாங்குழிப் பலகைகளும் இரண்டு தாயக் கட்டங்களும் வைத்திருந்தார்கள். மேடை ஆட்டங்களில் கலந்துகொள்ளக் கூச்சப்படுகிறவர்கள் தாங்களாகவே இங்கே வந்து உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரமும் இந்த மூலை காலியாகவே இல்லை.

பல்லாங்குழியில் எங்கள் வீட்டு வழக்கம் குழிக்கு ஐந்து முத்து, பதினான்கு குழிக்கு 70. மாப்பிள்ளை வீட்டார் ஆறு போட்டு 84 முத்துகளோடு ஆடுகிறவர்கள். எந்த வழக்கப்படி ஆடுவது என்று கேள்வி வந்தபோது, நடத்தியவர்கள் முதல் ஆட்டம் பெண் வீட்டு முறை, இரண்டாம் ஆட்டம் மாப்பிள்ளை வீட்டு முறை என்று தீர்ப்புச் சொன்னார்கள். கையில் எடுத்ததைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி, வெறுங்குழி வந்தால் அதைத் தடவி அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுப்பது இரண்டு வீட்டுக்கும் பொது. குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுப்பதும் பொது. முத்தின் எண்ணிக்கை மாறியதும், பழகிய கணக்கு இரு தரப்பினருக்கும் தப்பிப் போகிறது. ஐந்தில் ஆடிப் பழகியவள், எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று மனத்துக்குள் வைத்திருந்த வழி ஆறில் உதவாது. அதனால் கைதேர்ந்தவரும் புதியவரும் கொஞ்ச நேரத்துக்கு ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். இதை நினைத்துத்தான் அப்படித் தீர்ப்புச் சொன்னார்களா என்று கேட்டேன். சண்டை வராமல் இருக்கத்தான் சொன்னோம் என்றார்கள். எதற்காகச் சொல்லியிருந்தாலும் நல்ல விதி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு பலகையில் முத்தாகக் குன்றிமணியை வைத்திருந்தார்கள். சிவப்பும் கறுப்பும் பார்க்க மிக அழகு. ஆனால் அது நஞ்சு. மேல் தோடு கெட்டியாக இருக்கும் வரைக்கும் பெரும்பாலும் ஆபத்து வெளியே வராது. உடைத்தோ மென்றோ விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பட்டாசாலையில் தவழும் குழந்தை ஒன்றும், கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். உடனே எடுத்துவிடச் சொன்னேன். பையில் சோழி இருந்தது, மாற்றிவிட்டார்கள். மாற்றியது சரி, கொண்டுவந்திருக்கவே கூடாது. முழுச் சிவப்பாக, கறுப்புப் புள்ளி இல்லாமல் இருக்கும் மஞ்சாடி வேறு, குன்றிமணி வேறு. எதுவானாலும் சிறு பிள்ளைகள் வரும் வீட்டில் தொண்டையில் அடைக்கும் அளவில் உள்ள எந்த விதையையும் தரையில் விட வேண்டாம். பெரிய சோழி போதும். எந்தக் குழுவை அழைத்தாலும் பலகையைத் திறந்து முத்தைப் பார்த்த பிறகே ஆட்டத்தைத் தொடங்க விடுங்கள்.

தாயத்தில் அவர்கள் செய்த ஒரு மாற்றத்துக்கு முழு மதிப்பெண். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 வகையாக விழலாம். அவற்றில் தாயம், அதாவது கூட்டுத்தொகை ஒன்று, விழுவது இரண்டே வகையில்தான், அதாவது எட்டில் ஒரு பங்கு. தாயம் போட்டுத்தான் காயை இறக்க வேண்டும் என்பது பழைய விதி. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் இருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கோடை விடுமுறையில் திண்ணையில் நாள் முழுக்க ஆடும்போது அந்தக் காத்திருப்பே சுவை. மூன்று மணி நேரக் கூட்டத்தில், நான்கு பேர் ஆடும் கட்டத்தில், ஒருத்தி முக்கால் மணி நேரம் காய் இறக்காமல் உட்கார்ந்திருந்தால் எழுந்து போய்விடுவாள். இவர்கள் ஆளுக்கு ஒரு காயைத் தாயம் போடாமலே இறக்கிக்கொள்ள அனுமதித்தார்கள். மீதிக் காய்களுக்குத் தாயம் வேண்டும். விறுவிறுப்பும் கெடவில்லை, யாரும் வெளியே நிற்கவும் இல்லை. மறு உருட்டு கிடைக்கும் எண்களான 1, 5, 6, 12 (இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12) எல்லாம் சேர்ந்தும் பதினாறில் ஆறு வகைதான் என்று பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளையின் தங்கை பேனாவை வாங்கி, மீதியுள்ள 2, 3, 4 எண்களுக்குத் தானே எழுதிச் சரிபார்த்தாள். மிகவும் பிடித்துவிட்டது அந்தப் பெண்ணை.

தரையில் உட்கார முடியாதவர்களை இவர்கள் போதிய அளவு நினைத்துப் பார்க்கவில்லை. உயரமான முக்காலி ஒன்றுதான் கொண்டுவந்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஐந்தாறு பேராவது எந்தக் கல்யாண வீட்டிலும் இருப்பார்கள். பலகையைக் கட்டில் மேலும் நாற்காலி மேலும் வைத்துச் சமாளித்தோம். நீங்கள் ஏற்பாடு செய்தால் இரண்டு மேசைகளை முன்னதாகவே வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

அஞ்சறைப் பெட்டி ஆட்டம் சின்னது, ஆனால் கலகலப்பானது. கண்ணைக் கட்டிவிட்டு, கிண்ணத்தில் உள்ளதை முகர்ந்து பெயர் சொல்ல வேண்டும். சீரகம், சோம்பு, வெந்தயம், ஓமம், சுக்கு, சித்தரத்தை, திப்பிலி, கடுகு. ஓமத்தை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சுக்கா, சித்தரத்தையா என்பதில் அடுப்படியிலேயே காலம் கழித்தவர்கள்கூடத் தடுமாறினார்கள். கடுகை மட்டும் முகரும் வரிசையில் வைத்திருக்கக் கூடாது. நசுக்கி ஈரம் படும் வரைக்கும் கடுகுக்கு வாசனையே கிடையாது, அதை விரலால் தொட விட வேண்டும். மணப்பெண்ணுக்குத் திப்பிலி தெரியவில்லை. பேறுகால மருந்தில் சேருவது என்று அவளுடைய மாமியாரே அருகில் வந்து, கிண்ணத்தை வாங்கி, மற்ற மருந்துச் சாமான்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிள்ளை அப்போதே நான்கைந்து பெயர்களைச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

காகித உடை ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. டிஷ்யூ காகிதச் சுருள்களைக் கொடுத்து, குழுவில் ஒருத்திக்குக் கல்யாண உடை சுற்றச் சொல்வது. மேல்நாட்டுக் கூட்டங்களில் இது மிகவும் பெயர் பெற்றது என்றார்கள். வெள்ளைக் கவுன் போடும் ஊரில் அதற்குப் பொருத்தம் இருக்கிறது, காகிதமும் வெள்ளை, உடையும் வெள்ளை. இங்கே மின்விசிறியை நிறுத்தினால் வியர்வையில் காகிதம் உடம்போடு ஒட்டிக் கிழிகிறது, ஓட விட்டால் பட்டாசாலை முழுக்கப் பறக்கிறது. கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள், உண்மைதான். ஆனால் பெரியவர்கள் அத்தனை பேரும் சுவரோரம் ஒதுங்கி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிட ஆட்டத்துக்கு ஒரு சாக்கு நிறையக் குப்பை. இதற்குப் பதிலாக ஒரு கைத்தறிச் சேலையைக் கொடுத்து, இன்னொருத்திக்குக் கொசுவம் ஒன்றுபோல் மடித்துக் கட்டிவிடும் போட்டி வைத்தால் ஆச்சிகளும் எழுந்து வருவார்கள்.

"பெண்ணை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்ற கேள்வி ஆட்டத்தில்தான் அன்றைக்கு ஒரே சங்கடம். தொடக்கம் நன்றாகவே இருந்தது. பெண்ணுக்குப் பிடித்த பலகாரம் எது, எந்தப் பாடத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கினாள், மழை வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையிடம் முன்னரே கேள்விகளைக் கேட்டு, அவர் சொன்ன பதில்களைக் கைபேசியில் பதிவு செய்து வந்திருந்தார்கள். அந்தப் பதில் சரியா என்று பெண் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடித்த பலகாரம் அல்வா என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். டவுணில் பிறந்தவளுக்கு அல்வாதான் பிடிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. அவளுக்கு மனோகரம்தான் உயிர் என்று அங்கிருந்த எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவரைக்கும் அழகு.

பிறகு, பெண்ணுக்கு முதன்முதலில் யார் மேல் விருப்பம் ஏற்பட்டது என்ற ஒரு கேள்வி வந்தது. வருங்கால மாமியாரும் நாத்தனாரும் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்கலாமா? அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. நான் எழுந்து, அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகச் சொன்னேன். நடத்தியவள் உடனே மன்னிப்புக் கேட்டு, அட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, நேராக ஆட்டத்தையே முடித்துக்கொண்டாள். அந்த நாகரிகத்தை மதிக்கிறேன். ஆனாலும் கேள்விகளை ஒரு நாள் முன்னதாகவே வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவது அவர்களுடைய கடமை. தோழிகள் மட்டும் கூடும் இடத்தில் எது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். இரு வீட்டாரும் கூடும் இடத்தில் மணப்பெண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. அவளுக்குக் கல்யாணப் படபடப்பே போதும். என்னைக் கேட்டால், கேள்விகளைப் பெண்ணிடம் கேட்பதற்குப் பதிலாக மாமியார்களிடம் கேட்க வேண்டும். உங்கள் கல்யாணத்தில் என்ன சமையல், எந்த வண்டியில் ஊர்வலம் வந்தீர்கள், புகுந்த வீட்டில் முதல் நாள் யார் உங்களிடம் பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு ஓயாது.

ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நாற்பது பேர் கூடிய பட்டாசாலைக்கு அது எதற்கு? ஆட்டங்களுக்கு இடையே பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பேசுவதற்காகத்தானே கூட்டினோம். பாதியில் நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் யார் யாருடைய ஒன்றுவிட்ட அக்காள் எந்த ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள் என்ற விசாரணையெல்லாம் தொடங்கியது. எங்கள் அண்ணனின் மாமியாரும் மாப்பிள்ளையின் ஆச்சியும் அம்பாசமுத்திரத்தில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

குடத்தில் மோதிரம் எடுக்கும் விளையாட்டைப் பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்தன்று ஆடுவார்கள் என்பதால் அன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் அவர்கள் கொண்டுவந்த காருகுறிச்சி மண்பானை அருமையானது. அதைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, மோதிரத்துக்குப் பதிலாகப் பத்து ரூபாய் நாணயம் போட்டு எடுக்க விட்டார்கள். பட்டாசாலையை நனைக்காமல் முற்றத்தில் வைத்து நடத்தினார்கள். தாய்மார்கள் நிம்மதியாகத் தாயம் ஆடினார்கள்.

பரிசுகள் நன்றாக இருந்தன. அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமான், பனையோலைக் கொட்டானில் கருப்பட்டி மிட்டாய், சிறிய பத்தமடைப் பாய் விரிப்பு. ஞெகிழிச் சாமான் ஒன்றுகூட இல்லை. செப்பை வென்ற மாப்பிள்ளையின் சித்தி, தான் சிறு வீட்டுப் பொங்கலுக்கு இதே மாதிரிச் செப்பை வைத்து விளையாடியதைச் சொல்லி, அதைப் பேத்திக்குக்கூடக் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். 1,500 ரூபாய்க்கு இவ்வளவு கிடைத்தது எனக்கு வியப்பு. கடையில் நானே விசாரித்து வாங்கியிருந்தாலும் இதைவிடக் குறைவாக முடிந்திருக்காது.

பலகாரம் பரிமாறும் நேரத்தைக் குழுவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் தம்போலாவுக்கு நடுவே அல்வா கொடுத்துவிட்டார்கள். நெய் வழியும் விரலோடு சீட்டைப் பிடித்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறது. ஆட்டம் நடக்கும்போது தட்டை, முறுக்கு, காராச்சேவு. அல்வாவும் காப்பியும் கடைசியில்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குன்றிமணிக்கும் அந்தக் கேள்விக்குமாக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். கொடுத்த காசுக்குக் குறைவில்லை. அடுத்து என் தங்கை மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம், இவர்களையே அழைக்கச் சொல்லியிருக்கிறேன். சொல் தம்போலா, பூக்கட்டுதல், அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, தாயம் ஆகியவை மட்டும். காகிதச் சுருளும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்றால் கட்டணத்தில் 1,000 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள். கேட்டால்தான் குறைப்பார்கள், கேளுங்கள். டவுண், பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை, மேலப்பாளையம் வரைக்கும் வண்டிச் செலவு தனியாக இல்லை. அம்பாசமுத்திரம், தென்காசி என்றால் உண்டு. ஆவணியிலும் தையிலும் ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரமே நிரம்பிவிடுகின்றன. நாள் குறித்ததும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே இவர்களையும் பேசிவிடுவது நல்லது.